மலைப்பாம்பு இளைத்த கதை

ஒரு காட்டுக் குளக்கரையில், பூவாயி என்ற மலைப்பாம்பும் முத்தாச்சி என்ற முள்ளம்பன்றியும் ஒரே வளையில் குடியிருந்தார்கள். வாசல் பக்கம் முள்ளம்பன்றிக்கு, உள்பக்கம் பாம்புக்கு. சண்டை சச்சரவு கிடையாது.

பூவாயி நல்ல பருமன். வயிறு நிறையத் தின்றுவிட்டால் பல நாள் வெயிலில் அசையாமல் கிடப்பாள். அது சோம்பல் இல்லை. தின்றது செரிக்க மலைப்பாம்புக்கு அவ்வளவு நாள் வேண்டும். மரத்திலிருந்த குரங்குகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன?

"வெட்டிப் போட்ட மரம் நகருது பாருங்கடா!" என்று சிரித்தன.

அந்தப் பேச்சு பூவாயிக்குச் சுருக்கென்று தைத்தது. குளக்கரையில் விர்ரென்று ஓடித் திரியும் சடையன் என்ற சாரைப்பாம்பிடம் போனாள்.

"சடையா, எனக்கும் உன்னை மாதிரி உடம்பு வேணும். என்ன செய்யணும்?"

"இது ஒரு பெரிய விஷயமாக்கா? காலையில குளத்தை நீந்திக் கடக்கணும். அப்புறம் மருத மரத்துல ஏறி இறங்கணும். பசிச்சா ஒரு தவளையைப் பிடிச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி ஓட வேண்டியதுதான். நான் எங்கே படுக்கிறேன்?"

சடையன் பொய் சொல்லவில்லை. தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதைச் சொன்னான்.

மறுநாள் காலையிலேயே பூவாயி ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவோம் என்றெல்லாம் இல்லை. சடையன் செய்த அத்தனையும் முதல் நாளே செய்தாக வேண்டும் அவளுக்கு. வளைக்குத் திரும்பியபோது தலையிலிருந்து வால் வரை வலி.

"நாளைக்கு ஒரு நாள் பேசாம படுத்துக்கோ பூவாயி. வலி போனதும் போகலாம்," என்றாள் முத்தாச்சி.

"படுத்தா மறுபடி ஊதிடுவேன். உனக்கென்ன, உன்னை யாரும் கேலி பண்றதில்ல."



ஒரு நாள் கொழுத்த பெருச்சாளி ஒன்று அகப்பட்டது. அதை விழுங்கிய சூட்டோடு பூவாயி மருத மரத்தில் ஏறினாள். பாதி மரத்தில் வயிற்றைப் புரட்டியது. விழுங்கியது அப்படியே வெளியே வந்து விழுந்தது. வேறு யாராவது என்றால், தின்றதும் ஏறக் கூடாது என்று புரிந்துகொண்டிருப்பார்கள். இவளோ, ஏற வேண்டுமானால் தின்னக் கூடாது என்று முடிவு கட்டினாள். என்ன புத்தியோ போங்கள்!

பனிக்காலம் முழுக்க இப்படியே போனது. எதிரே வந்த இரையைக்கூட ஒதுக்கிவிட்டு நீந்தினாள். உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. குரங்குகள் கேலியை விட்டுவிட்டு, "அடேயப்பா, ஆளே மாறிட்டாளே" என்றன. பூவாயிக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்தது. பூவாயி வளைக்குள் முட்டைகள் இட்டாள். பால் போல வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த அழகான முட்டைகள்.

மலைப்பாம்புத் தாய் முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்வாள். குளிரடித்தால் தன் உடம்பை விடாமல் நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்குவாள். குஞ்சு வரும்வரை இரை தேடிப் போகமாட்டாள். முன்பே தின்று, கிடந்து, உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அந்தச் சூட்டுக்கு விறகு.

அந்த வருஷம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் குளிர்காற்று புகுந்தது. பூவாயி உடம்பை நடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோனாள். மறுபடி முயன்றாள். உடம்பு அசையவில்லை.

"முத்தாச்சி, முட்டையெல்லாம் சில்லுன்னு ஆகுது. எனக்கு முடியலையே!"

முத்தாச்சி வளை வாசலில் சருகுகளை இழுத்து அடைத்தாள். தானும் குறுக்கே படுத்துக் காற்றை மறித்தாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு சடையன் மழையில் நனைந்தபடி வந்தான்.

"அக்கா, எனக்குப் பொருந்தினது உனக்கும் பொருந்தும்னு நினைச்சுட்டேன். உன் உடம்புக்கு எது ஒத்துக்கும்னு நான் கேட்டிருக்கணும்."

"உன் மேல தப்பில்ல சடையா. பசிக்குதுன்னு என் வயிறு சொல்லிச்சு. வலிக்குதுன்னு உடம்பு சொல்லிச்சு. நான்தான் காதுல வாங்கல."

மழை விட்டது. குஞ்சு பொரிக்கும் காலமும் வந்தது. நடுவில், மற்ற முட்டைகளின் அணைப்பில் இருந்த ஒரே ஒரு முட்டை மட்டும் மெல்லக் கீறல் விட்டது. குட்டி மலைப்பாம்பு ஒன்று தலையை நீட்டி, அசையாமல் கிடந்த மற்ற முட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அம்மா, இவங்கல்லாம் எப்ப வெளிய வருவாங்க?"

பூவாயி, குளிர்ந்துபோன அந்த முட்டைகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

உடம்பை வருத்திப் பழக்குகிறவர்கள் அதற்கு வேண்டிய உணவையும் ஓய்வையும் கொடுக்காவிட்டால், தேவைப்படும் நாளில் அந்த உடம்பு உதவிக்கு வராது.