நாளைக்கு வா

ஒரு காலத்தில் மரியதாஸ் என்கிற டெய்லரின் கடையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அதற்குத் தலைக்கனம் ஜாஸ்தி. துணியைத் தவிர வேறெதையும் தொட்டால் தீட்டு என்று நினைப்பு. ஒருமுறை டெய்லரின் மச்சான் அதை எடுத்து ஷாம்பு பாக்கெட்டை வெட்டப் போனார். அன்றைக்கு நடந்த சண்டையில் மச்சான் வெகு நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அதிலிருந்து கத்தரி தன்னைக் கோயில் நகை மாதிரி நினைத்துக்கொண்டது.

அந்தக் கடையில் எல்லோருக்கும் சரளமாக வந்த ஒரே வார்த்தை 'நாளைக்கு'. யார் வந்தாலும் மரியதாஸ் தலை நிமிராமல், "பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார். துணி அப்போது பையை விட்டே வெளியே வந்திருக்காது. கேட்டுக் கேட்டுக் கடைச் சாமான்களின் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வைகாசி மாதம், கல்யாண சீசன். மரியதாஸ் சாப்பிடப் போயிருந்தார். கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் குடியிருந்த புறா மேசைமேல் வந்து பொத்தென்று விழுந்தது. யாரோ அறுத்துவிட்ட பட்டத்தின் மாஞ்சா நூல் அதன் கழுத்தில் சுற்றியிருந்தது. கண்ணாடித் தூள் பூசிய நூல். புறா உதற உதற இறுகியது.

"அண்ணே, மூச்சு முட்டுது. அறுத்து விடுங்கண்ணே."

"சீசன் டைம். நாளைக்கு வா" என்றது கத்தரி, பழக்கதோஷத்தில்.

"நாளைக்கு வர்றதுக்குக் கழுத்து இருக்காதுண்ணே."

அளவு டேப் ஓடிவந்து புறாவின் கழுத்தைச் சுற்றி அளவெடுத்தது. "லூஸா வேணுமா, ஃபிட்டா வேணுமா?"

"ஏற்கெனவே ஃபிட்டாத்தான் இருக்கு" என்று முனகியது புறா.

"நான் ஒரு தேய்ப்பு தேய்ச்சா நூல் பொசுங்கிடும்" என்றது இஸ்திரிப் பெட்டி.

"புறாவும் வறுவலாயிடும்" என்றது டேப்.

தையல் பிரிக்கும் பிளேடு மட்டும் யோக்கியமாகப் பேசியது. "நான் ரெடி. ஆனா எனக்கு நூலும் ஒண்ணுதான், கழுத்தும் ஒண்ணுதான்."

எல்லோரும் கத்தரியைப் பார்த்தார்கள். அதன் கீழ்வாய்க்கு மழுங்கிய மூக்கு. பட்டு ரவிக்கையின் கழுத்தை வெட்டும்போது அடியில் இருக்கும் லைனிங்குக்கே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வேலைக்கு அந்தக் கடையில் அது ஒன்றுதான் லாயக்கு. கத்தரிக்கும் அது தெரியும், அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

"அது கண்ணாடி! என் வாய் போயிடும். அப்புறம் பட்டுல வெச்சா இழை இழுக்கும். எனக்கு முன்னாடி இங்க இருந்த கத்தரி இப்ப எங்க இருக்கு தெரியுமில்ல? டெய்லர் வீட்டுல மீன் வெட்டுது!" என்று கத்தியது. "அதுவும் யாருக்கு? போன வாரம் மாப்பிள்ளை கோட்டு மேல ஆய் போன கழுதைக்கு!"

"தெரியாம போயிட்டேண்ணே" என்றது புறா. அதற்குமேல் அதற்குப் பேச்சு வரவில்லை. சிறகு ஒருதரம் அடித்து அடங்கியது. தினமும் காலையில் அது குர்குர் என்று போடும் சத்தத்தைக் கத்தரி திட்டாத நாள் கிடையாது. இப்போது சத்தமே இல்லை. கத்தரிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"சனியனே, ஆடாம கிட!"

கீழ்வாயை இறகுக்குள் மெல்ல நுழைத்தது. தோலுக்கும் நூலுக்கும் நடுவே வழி தேடிப் போனது. நறுக். கண்ணாடி வாயெல்லாம் கரகரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு நறுக். நூல் அறுந்து விழுந்தது. புறாவுக்கு ஓர் இறகுகூட வெட்டுப்படவில்லை.

சாப்பிட்டு வந்த மரியதாஸ் கத்தரியைப் பட்டுத் துண்டில் வைத்துப் பார்த்தார். இழை இழுத்தது. "எந்தக் கம்மனாட்டி இதுல கம்பி வெட்டினது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். சாணை பிடித்துப் பார்த்தும் பொக்கை போகவில்லை. பட்டுக்குப் புதுக் கத்தரி வந்தது. பழையது மேசை ஓரத்தில் லைனிங் வெட்டப் போனது. மீனுக்குத் தப்பித்ததே பெரிசு.

மறுநாள் புறா வந்து நின்றது. "அண்ணே, கூலி எவ்வளவுண்ணே?"

கத்தரி தலை நிமிரவில்லை. "நாளைக்கு வா."

புறா அதற்கு அடுத்த நாளும் வந்தது. கத்தரி அதையே சொன்னது. இன்றைக்கும் புறா தினமும் வருகிறது, கேட்கிறது, மேசையை அசிங்கம் பண்ணிவிட்டுப் போகிறது. மரியதாஸ் கடையில் 'நாளைக்கு வா' என்று கேட்டுச் சந்தோஷமாகத் திரும்பிப்போகும் ஒரே கஸ்டமர் அதுதான்.