அரச இலைக்கு வால் முளைத்த மழை

மரங்களும் எறும்புகளும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அரச இலைக்கு வால் கிடையாது. கிண்ணம்போல வட்டமாக, நடுவில் குழிந்து இருக்கும். மலைக்குக் கிழக்கே, மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிற வறண்ட காடுதான் அதன் பிறந்த ஊர். விழுகிற துளியைச் சிந்தாமல் ஏந்தி வைத்துக்கொண்டால்தான் அங்கே பிழைக்க முடியும்.

ஒரு மைனா அரசம்பழத்தைத் தின்றுவிட்டு மலையைத் தாண்டிப் பறந்தது. மேற்குச் சரிவில், ஓர் ஆற்றங்கரையில் எச்சமிட்டது. விதை முளைத்து மரமாயிற்று. அங்கேயோ ஆனி பிறந்தால் ஆவணி வரை மழை ஓயாது. மரம் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. ஒவ்வோர் இலையிலும் மழையை ஏந்திக்கொண்டு நின்றது.

"அரசண்ணே, கொஞ்சம் கொட்டிருங்களேன்" என்றாள் முசுறி. அந்த மரத்தில் பக்கத்துப் பக்கத்து இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்த சிவப்பு முசுறு எறும்புகளுக்கு அவள்தான் தலைவி. "பாசி புடிச்சு இலையெல்லாம் வழுக்குது. இதுல வெயில் எங்கே படும், நீங்க எதைச் சாப்பிடுவீங்க?"

"வானம் குடுக்கிறதை வாங்கிக் கீழே கொட்டுறதா? எங்க ஊர்ல அப்படிச் செஞ்சா பக்கத்து மரம் பேசாது, தாயி."

"இது உங்க ஊரா?"

மேல்கிளையில் நனைந்துகொண்டிருந்த கருமந்தி சிரித்தது. "விடு முசுறி. அண்ணாச்சி குளம் வெட்டுதாரு. அடுத்த மாசம் மீன் விடுவாரு."

அன்று மத்தியானம் மலையே கரைந்து இறங்குவதுபோல மழை பிடித்தது. கிண்ணங்கள் நிரம்பித் ததும்பின. பாரம் தாங்காமல், எறும்புக்கூடு இருந்த கிளை மடமடவென்று முறியத் தொடங்கியது. நேர் கீழே ஆறு சுழித்து ஓடியது.

"புள்ளைங்க உள்ளே இருக்கு, அண்ணே" என்றாள் முசுறி. அவள் கத்தவில்லை. 

"எனக்குக் கொட்டத் தெரியாதே" என்றது மரம்.

"நாங்க இழுக்கிறோம். வலிக்கும். இழுக்கட்டுமா?"

மரம் கிழக்கே பார்த்தது. மலைதான் தெரிந்தது.

"இழு" என்றது.

முசுறி பாய்ந்து ஓர் இலையின் ஓரத்தைக் கவ்வினாள். அவள் இடுப்பை ஒருத்தி பிடித்தாள், அவள் இடுப்பை இன்னொருத்தி. இலைக்கு இலை எறும்புச் சங்கிலி தொங்கியது. "இழு, விடாதே, இன்னும் இழு" என்று கிளை முழுக்க ஒரே சத்தம். கவ்விய இடம் கூம்பியது, நீண்டது, விரல்போல மெலிந்து கீழே வளைந்தது. தேங்கிய தண்ணீரெல்லாம் அந்த நுனி வழியே சரசரவென்று ஓடி ஆற்றில் கொட்டியது. பாரம் இறங்கிய கிளை துள்ளி எழுந்தது.

சங்கிலியின் கடைசியில் தொங்கியவர்கள் தண்ணீரோடு போய் ஆற்றில் விழுந்தார்கள். மந்தி தாவி இறங்கித் தன் நீண்ட வாலை ஆற்றில் விட்டது. அதைப் பற்றிக்கொண்டு எல்லோரும் ஏறி வந்தார்கள்.

"அண்ணாச்சிக்கும் வால் முளைச்சிட்டு. இனிமே நாம பங்காளி" என்றது மந்தி.

பாசி கழுவிப்போன இலைகளில் மேகத்தின் இடுக்கிலிருந்து வெயில் விழுந்தது. வந்த ஊரில் முதல் தடவையாக மரம் அந்த வெயிலை வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நீண்ட நுனி பிறகு சுருங்கவே இல்லை. மழைக்காட்டு மரங்கள் பலவும் அதைப் பார்த்துத் தங்கள் இலைநுனியை நீட்டிக்கொண்டன. முசுறு எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துத் தொங்கி இலையை இழுப்பது அன்று பழகியதுதான். அரச இலை வாலோடு துளிர்ப்பதும், மழைநீரை அதன் வழியே விட்டுவிட்டு ஒரு துள்ளு துள்ளுவதும் அன்றிலிருந்துதான்.