சிவப்புக்கல் கடுக்கன்

“அப்பன் ஆனவனுக்குக் கண்ணாடி எதுக்குடா, பிள்ளை முகத்தைப் பார்த்துக்கோ” என்றோ, கிட்டத்தட்ட அப்படி ஏதோ ஒன்றையோ, வயிரவனின் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். வயிரவனுக்கு அதில் பாதிதான் நினைவில் இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டான்.

குருவிடம் வந்து அதைத்தான் சொன்னான்.

குருவுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். மடத்து வாசலில் உட்கார்ந்து, விளக்குமாறு கட்டத் தென்னோலையைக் கிழித்து ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் விட்டுட்டேன் சாமி. ஆனாலும் மனசு அடங்கலை.”

“எதையெல்லாம் விட்டே?”

மகள் மெய்யம்மை பிறந்தபின் விட்டதையெல்லாம் சொன்னான். மயில்கண் கரை வேட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கறை தெரியாத பழுப்பு வேட்டிக்கு மாறினான். ஜவ்வாது பூசினால் குழந்தைக்குத் தும்மல் வந்தது, நிறுத்தினான். கன்னத்தில் குத்துகிறதென்று மீசையை எடுத்தான். கடைசியாகக் காதிலிருந்த சிவப்புக்கல் கடுக்கன். அவள் பிடித்து இழுத்தாள், கழற்றினான்.

குரு ஓர் ஈர்க்கைச் சீவி முடித்தார்.

“இப்பவும் இழுக்கிறாளா?”

“மூணு வயசாச்சே. சொன்னாக் கேட்டுக்குவா.”

“அப்புறம்?”

வயிரவன் கீழே விழுந்திருந்த ஓலைக் கிழிசலைப் பொறுக்கினான்.

கடுக்கன் எங்கே என்று குரு கேட்டார். வீட்டில்தான் இருக்கிறது என்றான். மனைவி உமையாள் வெள்ளிதோறும் தன் தோட்டோடு சேர்த்து அதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கிறாள். நேற்று கழுவும்போது, இதைப் போட்டிருந்த ஆளைத்தான் காணோம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அதுக்கு நீ என்ன சொன்னே?”

“ஆசை விட்டுப்போச்சுன்னேன்.”

“கிட்ட வா.”

அவன் காது மடலைப் பிடித்து, ஈர்க்கு நுனியை வலது காதுத் துளையில் வைத்தார். நுழைந்தது. அளவாக ஒடித்து, துண்டை அங்கேயே விட்டார்.

இடது காதில் முட்டி நின்றது. லேசாக அழுத்தினார்.

“வலிக்குதா?”

“வலிக்குது சாமி.”

“நல்லது.”

அடுத்த ஓலையை எடுத்தார்.

வயிரவன் இடது காதைத் தடவிக்கொண்டே நின்றான். துளை தூர்ந்துபோய்விட்டதா என்று கேட்டான்.

“ஆமாம். திரும்பக் குத்தணும்.”

“அடுத்த வாரம் மெய்யம்மைக்குக் காதுகுத்து. ஊரே வந்திருக்கும்.”

“அப்போ காது குத்தப் பத்தரும் வருவாரே.”

“நான் போய் எப்படி...”

“உன் தாய்மாமன் இருக்காரா?”

“இருக்கார். அவர் மடி தாங்காது சாமி.”

குரு சிரித்துவிட்டார். வயிரவனுக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

வீட்டுக்குப் போனதும் உமையாள் அவன் காதிலிருந்த குச்சியைப் பார்த்தாள். மயில்கண் வேட்டியை எடுத்துக் கஞ்சி போட்டாள்.

காதுகுத்து அன்று பத்தர் ஊசியை எடுத்ததுமே மெய்யம்மை தன் தாய்மாமன் மடியிலிருந்து நழுவி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். இழுத்தும் வரவில்லை. கெஞ்சியும் வரவில்லை. யார் யாரோ மிட்டாய் காட்டினார்கள்.

வயிரவன் அவள் பக்கம் குனிந்தான். அவள் எட்டி, அப்பாவின் காதிலிருந்த குச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது எதுக்குப்பா?”

வயிரவன் கரை மடங்காமல் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பத்தர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“முதல்ல எனக்கு” என்று இடது காதைக் காட்டினான்.