தைவதம் தொடாத தோடி

கூத்தபிரானுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆற்றுக்கு இக்கரையில் அவர் நாயனத்தை மிஞ்ச ஆளில்லை. பத்து விரலும் பம்பரமாக ஆடும். அவருடைய தோடி ராகத்தில் ஒரு சங்கதி உண்டு. பஞ்சமத்திலிருந்து அடுத்த சுரமான தைவதத்தைத் தொடாமல் நிஷாதத்துக்குத் தாவிவிடும். அதைக் கேட்கவே ஊர் திரளும். அதே சங்கதியை அக்கரைத் தேர்த்திருவிழாவில் அமிர்தலிங்கம் என்பவன் வாசித்துப் பட்டு வாங்கினானாம். அவனைத் தலையெடுக்க விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு அரசவைக்குப் போனார்.

“திருடினவன் வாய் வெச்சு ஊதற சீவாளியைச் சபையில நொறுக்கணும் மகாராஜா. அவன் இனிமே நாயனத்துல வாய் வைக்கக் கூடாது.”

அரசரும் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அமிர்தலிங்கத்தை வரவழைத்தார்கள். இருவரும் வாசித்தார்கள். மயிரிழை வித்தியாசமில்லை. அமிர்தலிங்கம் வலக்கையை நீட்டினான். சிறு வயதில் பாம்பு தீண்டி மோதிர விரல் மரத்துப் போயிருந்தது. துளையை மூடும், தைவதத்துக்கு வேண்டியபடி சட்டென்று எழாது.

“விடியக்காலம் ஆத்தங்கரையில ஒக்காந்து சாதகம் பண்றவன் நான். இக்கரையில கால் வெச்சதே இன்னிக்குத்தான். இவர் வாசிச்சு நான் கேட்டதில்ல.”

மந்திரி குறுக்கிட்டார். “வௌவாலும் பறக்குது, காக்கையும் பறக்குது. ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்துக்கிச்சா? அதே நாயனம், அதே தோடி. தனித்தனியா வந்திருக்கலாமே?”

கூத்தபிரானுக்கு ரத்தம் கொதித்தது. “எனக்குச் சாட்சி இருக்கு. அஞ்சு வருஷம் முன்னால ஒரு விடியல்ல, கண் முழிக்கும்போதே அந்தச் சங்கதி எனக்கு வந்துச்சு. என் தோப்புக் கரிச்சான் குருவிகூட அப்போலேர்ந்து அதைத்தான் பாடுது. நான் நாயனத்தை எடுக்கறதுக்கு முன்னயே பாடும்.”

கேட்ட குரலையெல்லாம் திருப்பிப் பாடுகிற பறவை கரிச்சான். ஆறு அதற்கு ஒரு தடையில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சங்கதி இருவருக்கும் தனித்தனியாக வந்ததா? இல்லையென்றால் யார் யாரிடம் கற்றது? நொறுங்க வேண்டியது யாருடைய சீவாளி?

விடை: ஒரே தேவை இருவரை ஒரே வழிக்குக் கொண்டுவரலாம், மந்திரி சொன்னதில் தவறில்லை. ஆனால் அமிர்தலிங்கம் தைவதத்தை விட்டது விரல் எழாததால். கூத்தபிரானுக்கு அந்தத் தேவையே கிடையாது. ஆற்றங்கரையில் கேட்டதைக் கரிச்சான் தோப்பில் பாட, அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டவர் தன்னுடையதென்று நம்பிவிட்டார். அறியாமல் கற்றவரைத் திருடன் என்பதா என்று அரசர் தயங்கினார். அமிர்தலிங்கம் தயங்கவில்லை. “நொறுக்க வேண்டாம். அதே சங்கதியைத் தைவதம் சேத்து வாசிக்கச் சொல்லுங்க. வாசிச்சிட்டா நாயனத்தை நான் விட்டுடறேன்.” கூத்தபிரான் மூன்று முறை வாசித்தார். சபை முழுதும் அவருடைய மோதிர விரலையே பார்த்திருந்தது. மற்ற இடங்களில் பம்பரமாக ஆடும் அந்த விரல், கேட்டுப் படித்த அந்த இடத்தில் மட்டும் மூன்று முறையும் எழவில்லை. சீவாளியை அவரே கழற்றி அரசர் முன்னால் வைத்தார்.