கஸ்பாரின் கடைவாய்ப் பல்

ஒரு ஊர்ல ஒரு சங்குகுளிகாரன். கஸ்பார்னு பேரு. ம் கொட்டு, இல்லன்னா நிறுத்திருவேன். ம், சரி.

மூச்சடக்கிக் கடலுக்குள்ள போய் சங்கு எடுக்கிறது அவன் வேலை. எட்டு ஆள் ஆழம். இடுப்புல கயிறு. வள்ளத்துல நின்னு அந்தக் கயிறைப் பிடிக்கிறது அவன் பொண்டாட்டி செலஸ்தீனோட தம்பி தொம்மை. அந்த ஊர் வழக்கம் அது. அக்கா தாலியறுக்கத் தம்பி விடமாட்டான்ல, அதான். கீழேருந்து ரெண்டு இழுப்பு வந்தா மேல தூக்கணும்.

நாள் பூரா உப்புத்தண்ணி நாக்கை அரிக்கும். அதுக்காக கஸ்பார் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடைவாயில அதக்கிக்கிட்டே தூங்குவான். பல்லும் தேய்க்க மாட்டான். செலஸ்தீன் திட்டினா, நான் கடலையே வாய் கொப்பளிக்கிறேன், எனக்கு எதுக்குடி பிரஷ்ஷுன்னு கேப்பான்.

அப்புறம் கடைவாய்ப் பல்லுல ஒரு கருப்புப் புள்ளி. கோயில் வாசல்ல முகாம் போட்டிருந்த பல் டாக்டரம்மா பார்த்தாங்க. புழு கிழு ஒண்ணும் இல்ல, ஒட்டின இனிப்பைக் கிருமி தின்னுட்டுப் புளிப்பைக் கக்குது, அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்குதுன்னாங்க. இப்போ சின்ன சொத்தைதான், சுரண்டி அடைச்சா அரைமணி நேரத்துல வீட்டுக்குப் போயிரலாம்னாங்க. கஸ்பார் எந்திரிச்சான்.

"சுறாவை முறைக்கிற மனுசன், ஊசியைப் பார்த்ததும் செருப்பைத் தேடுறாரு"ன்னான் தொம்மை.

கஸ்பார் காது கேக்காத மாதிரி போயிட்டான்.

அப்புறம் வலி. விண்ணு விண்ணுனு. கிராம்பை வச்சுக் கடிச்சான், அடங்குச்சு. மறுபடி வந்துச்சு. உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தான், கன்னம் பொதுபொதுன்னு வீங்குச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு காலையில வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. குணமாயிருச்சுன்னு குதிச்சான். குணமாவது. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. செத்தது வலிக்குமா? ம். அழுகல் மட்டும் கீழ இறங்கிக்கிட்டே இருந்துச்சு.

மூணாவது வைத்தியம் என்ன தெரியுமா? குழியில சோறு மாட்டுதுன்னு, வள்ளத்து ஓட்டையை அடைக்கிற குங்கிலியத்தை உருக்கிப் பல்லுல அப்பிட்டான். அழுகலும் கொஞ்சம் காத்தும் உள்ளேயே மாட்டிக்கிச்சு.

"உள்ள இருக்கிற அழுக்கை எடுக்காம அடைக்கலாமா மச்சான்?"

"வள்ளத்துக்கே நிக்குது. பல்லுக்கு நிக்காதா மாப்ளே?"

சொல்லிட்டு வள்ளத்துலேருந்து கடலுக்குள்ள குதிச்சான். தொபுக்.

ரெண்டு ஆள் ஆழம். நாலு. ஆறு. கீழ போகப் போகத் தண்ணி அமுக்கும். எட்டுல, டப். மாட்டியிருந்த காத்து நசுங்கி, பல் உள்ளேயே வெடிச்சுது. பல்லுக்குத்தான் நரம்பு செத்திருந்துச்சு, தாடைக்குச் சாகலையே. ரெண்டு கையும் தாடைக்குப் போயிருச்சு. கயிறை யாரு இழுப்பா? வாயும் திறந்துக்கிச்சு. குளுக், குளுக், குளுக்.

மேல தொம்மை இழுப்பு வரும்னு நின்னான். வரல. இன்னும் கொஞ்சம் நின்னான். அப்புறம் பயந்துபோய் சரசரன்னு தூக்கினான். கஸ்பார் வந்தான், உடைஞ்ச பல்லோட, தாடையைப் பிடிச்ச கையோட. மூச்சு வரல.

கரையில செலஸ்தீன் கேட்டா, சுறாவான்னு. இல்லன்னான். நீரோட்டமான்னு கேட்டா. இல்லன்னான்.

"பல்லுக்கா."

ஓங்கி ஒரு அறை விட்டா.

"பல்லுக்கு எவனாவது சாவானாடா? கயிறைப் பிடிக்காம எங்கடா பார்த்துக்கிட்டு நின்னே?"

அவன் திரும்பவும் அதையேதான் சொன்னான். வேற என்ன சொல்லுவான்? டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னாங்க. அவ நம்பல. சாகுறவரைக்கும் தம்பி முகத்துல முழிக்கல.

ம்? அம்புட்டுதான். கதை கரையேறிருச்சு. எந்திரி, பல்லைத் தேய்ச்சுட்டு வந்து தூங்கு.