கன்னத்து வெள்ளைக் கோடு

கொண்டை வைத்த பென்குயின்களில் சற்குணம் அண்ணாச்சிக்குப் பாக்கி ஒரே ஒரு இனம்தான். மற்றதையெல்லாம் பார்த்து, நோட்டில் தேதி போட்டு டிக் அடித்தாயிற்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், அந்தக் கடைசி ஒன்றுக்காக நியூசிலாந்தின் தென்கோடிக் கடற்கரை வரைக்கும் வந்துவிட்டார்.

அங்கே ஒன்பது வருஷமாகப் பென்குயின் கணக்கெடுக்கிறவள் பூங்கோதை. திருச்செந்தூர்க்காரி. அண்ணாச்சியின் மகளைவிடச் சின்னவள். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதென்ன வேண்டிக் கிடக்கிறது என்று அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திரிக்கக் கூடாது.

மூன்று நாள் உட்கார்ந்தார். முதுகு போனதுதான் மிச்சம். நாலாம் நாள் மத்தியானம் அலையிலிருந்து ஒன்று ஏறி வந்தது. மறுநாள் காலையில் அவருக்கு விமானம்.

கொண்டை நனைந்து தலையோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்துத் தீவில் இதே ஜாடையில் இன்னோர் இனம் உண்டு, எப்போதாவது இந்தக் கரைக்கும் வரும். இதற்குக் கன்னத்தில் வெள்ளைக் கோடு இருக்கும், அதற்கு இருக்காது என்று புத்தகத்தில் படித்திருந்தார்.

வெள்ளைக் கோட்டையே காணோமே என்று கிசுகிசுத்தார். கொஞ்சம் பொறுங்கள், கொண்டை காயட்டும், அது காட்டுக்குள் எந்தக் கூட்டுக்குப் போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும் என்றாள் பூங்கோதை.

நாலு நாள் பொறுத்தவருக்கு அந்த நாலு நிமிஷம் பொறுக்கவில்லை. எழுந்து, பூனை மாதிரி பத்தடி நடந்தார்.

பறவை மிரண்டு நின்றது. கன்னத்து இறகு விரிந்தது. உள்ளே மூன்று கோடு, சுண்ணாம்பில் இழுத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கண்ணைத் துடைப்பதற்குள் அது திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது.

பூங்கோதை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள், இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். பறவை வரவில்லை.

பிறகு அவரைக் காட்டோரப் பாதையில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கேளுங்கள் என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். தள்ளி ஒரு மரத்து வேருக்குள்ளிருந்து குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. அப்பன் காவலுக்கு இருக்கிறது, தாய் இரை கொண்டுவந்தால்தான் அதற்குச் சாப்பாடு என்றாள். நேற்றும் தாய் வரவில்லையாம்.

"இனி எப்ப வரும்?"

"இருட்டினப்புறம் வரலாம். நாளைக்கும் ஆகலாம்."

குஞ்சு மறுபடி கத்தியது. நோட்டு அண்ணாச்சியின் கையில்தான் இருந்தது. பேனா மூடியைத் திறக்கவில்லை. பூங்கோதை பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஒம்பது வருஷத்துல அந்தக் கோட்டை இவ்வளவு தெளிவா எத்தன தடவ பாத்திருக்கீங்க, டீச்சர்?"

"நாலு தடவ அண்ணாச்சி."

"தினமும் வாறீங்க. நாலு தடவதானா?"

"நாலு தடவதான் நான் எந்திரிச்சுப் போனேன்."