இலைக்கு வந்த "இதோ வந்துட்டேன்"

மூங்கில்காட்டுச் சிங்கராஜா புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடவில்லை. கடைசி நாள் விடிந்ததும் மந்திரி நரியைக் கூப்பிட்டது.

"உச்சிப்பொழுதுக்குப் பொங்கல் சாப்பிட்டு விரதத்தை முடிக்கப்போறேன். இலையில பொங்கல் இல்லேன்னா, இலையில நீ இருப்பே!"

நரி பயந்துதான் போனது. ஆனால் மந்திரி அதை வெளியே காட்டிக்கொள்ளுமா? வாலை நிமிர்த்திக்கொண்டு ஆட்களைக் கூட்டியது.

"ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்த வேலை! நான் சொல்ற வரிசைதான்!"

முயல் அங்கேயே அடுப்புக் குழி தோண்டி முடித்தது. "அடுத்தது!" கரடி குழிமேல் மண்பானையை ஏற்றியது. "அடுத்தது!" வேலை கண்ணெதிரே மளமளவென்று முடிந்ததில் நரிக்குத் தன்மேலேயே தனி மரியாதை வந்துவிட்டது.

"யானையண்ணே, ஆத்துத் தண்ணி!"

"இதோ கொண்டு வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டு யானை அப்போதுதான் கிளம்பியது. ஆறோ மலைக்கு அந்தப் புறம். இன்னும் பல் விளக்காதவன்கூட 'வந்துட்டேன்' என்று சொல்வது நம் வழக்கம். அது தெரியாத ஒரே பிறவி இந்த நரிதான்.

"தண்ணி வந்தாச்சு! அடுத்தது! குரங்கே, அரிசி!"

"இதோ வந்துட்டேன்!" குரங்கு மரம்விட்டு மரம் தாவி மறைந்தது.

"அரிசியும் ஆச்சு! அடுத்தது! கரடி, அடுப்பைப் பத்தவை!"

கரடி பானைக்குள் எட்டிப் பார்த்தது. "மந்திரி, உள்ளே ஒண்ணுமே இல்லையே! போனவங்க வரட்டும். பொழுது நிறையக் கிடக்கு."

"காத்துக் கிடக்கறது சோம்பேறி வேலை! அவங்க சொன்னது உன் காதுல விழலையா? கொளுத்து!"

கரடி கொளுத்தியது. வெறும் பானை காய்ந்து படாரென்று வெடித்தது. நரி அதற்கும் "அடுத்தது!" என்றது. முயல் இலையைப் போட்டது. உச்சிக்கு முன்பே விருந்து தயார் என்று பெயர் வாங்க, நரியே ஓடிப்போய் ராஜாவை அழைத்து வந்தது.

சிங்கம் பசியோடு உட்கார்ந்தது. இலையில் ஓர் ஈகூட இல்லை.

"பொங்கல் எங்கேடா?"

நரி இலையைப் பார்த்தது. உடைந்த பானையைப் பார்த்தது.

"இதோ... வந்துட்டுது ராஜா!"

"வரட்டும். அதுவரைக்கும் நீ இலையில உட்காரு."

சற்று நேரத்தில் குடம் நிறையத் தண்ணீரோடு யானை வந்தது. பின்னாலேயே அரிசி மூட்டையோடு குரங்கும் வந்தது. சூரியன் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை. பானை மட்டும் உடையாமல் இருந்திருந்தால், அப்போது உலை வைத்திருந்தாலும் பொங்கல் வெந்திருக்கும்.

சிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "நல்லவேளை, கை கழுவத் தண்ணி வந்துச்சு!"

பொங்கல் வைத்தாலும் சரி, கேட்ட தரவு வரும் முன்பே 'பிராமிஸ்' என்ற வாக்கு மட்டும் கைக்கு வரும் ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதினாலும் சரி, 'வந்துட்டேன்' என்ற வாக்கை வந்த பொருளாக எண்ணி அடுத்த வேலையைத் தொடங்குபவன், கடைசியில் தானே இலையில் உட்கார வேண்டியதுதான்.